ராம்ப் முடிந்த பிறகு யார் நெய்வது?

வைகைக்கரையான் | 2025 நவம்பர் 7, இரவு 9.10

நைஜீரியாவின் லேகோஸ் நகரில் நடக்கும் ஃபேஷன் வாரத்துக்கு, சுற்றுச்சூழல் பணிக்குத் தரும் எர்த்ஷாட் பரிசு 2025இல் கிடைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் வருஷத்துக்கு 32 ஃபேஷன் வாரங்கள் நடக்கின்றன என்று யுனெஸ்கோ கணக்குச் சொல்கிறது. இவ்வளவு நடந்தும் ஆப்பிரிக்க பிராண்டு ஒன்றின் பெயர்கூட நமக்குச் சட்டென்று வாயில் வருவதில்லை. என் கட்சி இதுதான்: ஷோ எல்லாம் ஸ்பான்சர் பணத்தில் நடக்கும் பொழுதுபோக்கு, தொழில் வளர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துணி, தையல் தெரிந்தவர்கள் யாராவது மறுத்துச் சொல்லுங்கள்.

பாவும் ஊடையும் | நவம்பர் 7, இரவு 11.25

பாதி சரி. மீதிப் பாதியைத்தான் பேச வேண்டும்.

முதலில் எண்கள். நீங்கள் சொல்லும் அறிக்கை 2023 அக்டோபரில், லேகோஸ் ஃபேஷன் வாரம் நடக்கும்போதே அங்கே வெளியிடப்பட்டது. துணி, ஆடை, காலணி மூன்றும் சேர்ந்து ஆப்பிரிக்காவின் ஆண்டு ஏற்றுமதி 1,550 கோடி டாலர். இறக்குமதி 2,310 கோடி டாலர். 54 நாடுகளில் 37 நாடுகள் பருத்தி விளைவிக்கின்றன. ஆடைத் துறையில் இருக்கும் நிறுவனங்களில் பத்துக்கு ஒன்பது சிறு, நடுத்தர நிறுவனங்கள்.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஞ்சு இருக்கிறது. தையல்காரர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள், 2019இல் பிரான்ஸின் எல்விஎம்ஹெச் ஆடம்பரப் பொருள் நிறுவனம் இளம் வடிவமைப்பாளர்களுக்குத் தரும் பரிசை வென்ற தென்னாப்பிரிக்காவின் தேபே மகுகு போல. மெலிந்து கிடப்பது நடுப்பகுதி: நூற்பாலை, அகலத் துணி, சாயமும் ஃபினிஷிங்கும். ஷோ என்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அதை எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்தாலும் நடுக்கண்ணி தானாக முளைக்காது. ஷோவே வேண்டாம் என்பதற்கு இது காரணமாகாது. மேடையில் காட்டிய உடுப்பை ஐம்பது எண்ணிக்கையில் தைத்துக் கொடுக்க முடியுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பாவும் ஊடையும் | நவம்பர் 8, காலை 6.50

மேலே விட்டுப்போன ஒன்று, காலண்டர்.

கோடைக்கால ஆடைகளுக்கான பாரிஸ் வாரம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தில் முடியும். லேகோஸ் வாரம் அக்டோபர் கடைசியில் வரும். ஐரோப்பிய, அமெரிக்கக் கடைக்காரர்கள் அந்தப் பருவத்துக்கு ஒதுக்கிய கொள்முதல் பணத்தில் பெரும்பகுதியைப் பாரிஸிலேயே முடித்துவிட்டு ஊர் திரும்பியிருப்பார்கள். லேகோஸுக்கு வரும் பையர் பார்ப்பதற்கு வருவார், வாங்கும் தொகை கையில் குறைவாகத்தான் இருக்கும். அதனால்தான் வெளிநாட்டு ஆர்டரை எதிர்பார்க்கும் வடிவமைப்பாளர்கள் பாரிஸில் பத்து நாள் ஷோரூம் ஒன்றில் ரேக் வாடகைக்கு எடுக்கிறார்கள். ராம்ப் லேகோஸில், விற்பனை பாரிஸில். இரண்டு செலவு.

அப்படியானால் லேகோஸ் ஷோ யாருக்காக? உள்ளூர் வாடிக்கையாளருக்காக. இதை நாம் குறைத்து எடைபோடுகிறோம். நைஜீரியக் கல்யாணங்களில் உறவுக்கூட்டம் முழுவதும் ஒரே துணியில் உடுத்தும் அசோ எபி வழக்கம் இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு ஐம்பது பேர், நூறு பேர் ஒரே துணி எடுத்து, ஆளுக்கொரு தையல்காரரிடம் ஆளுக்கொரு மாதிரியில் தைப்பார்கள். அந்த மாதிரிகள் எங்கிருந்து வருகின்றன? ராம்ப் படங்களிலிருந்தும் இன்ஸ்டாகிராமிலிருந்தும். ஷோ முடிந்த வாரத்திலேயே அதே கை, அதே கழுத்து தெருவோரத் தையல் கடைக்கு வந்துவிடும். இந்த வியாபாரம் ஏற்றுமதிக் கணக்கில் ஏறாது, ஆனால் தையல் எந்திரத்தை ஓட்டுவது இதுதான்.

பாவும் ஊடையும் | நவம்பர் 8, இரவு 10.15

"இந்த ஷோ கலாச்சாரமே நேற்று வந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை.

ஷாடே தாமஸ்-ஃபாம் லண்டனில் படித்துவிட்டு 1960இல், நைஜீரியா விடுதலை பெற்ற ஆண்டிலேயே லேகோஸில் கடை திறந்தார். அவர் செய்தது கைத்தறித் துணியை எடுத்து மேனாட்டு கவுன் தைத்தது மட்டுமில்லை. சுற்றிக் கட்டும் பாவாடைக்கு ஜிப் வைத்தார். கட்டித் தயாராக வைத்திருக்கும் கேலே தலைப்பாகையைக் கொண்டுவந்தார். வேலைக்குப் போகும் பெண்ணால் காலையில் அவசரத்தில் உடுத்த முடிய வேண்டும் என்பது அவர் கவலை. மாலியின் கிறிஸ் சைது பொகோலான் மண்சாயத் துணியைக் கோட்டாகவும் குட்டைப் பாவாடையாகவும் வெட்டிக் காட்டினார். தென்னாப்பிரிக்க ஃபேஷன் வாரம் தொடங்கியது 1997இல். அடுத்த ஆண்டே நைஜரின் அல்ஃபாடி, திகுதித் பாலைவனத்தில் ஃபிமா என்ற ஃபேஷன் விழாவைத் தொடங்கினார். செனகலின் டக்கார் வாரத்தை அடாமா பாரிஸ் 2002இல் தொடங்கினார், லேகோஸ் வாரத்தை ஒமோயெமி அகெரெலே 2011இல். பிரான்ஸின் ஷனெல் நிறுவனம் தன் ஷோவை டக்காரின் பழைய நீதிமன்றக் கட்டடத்தில் நடத்தியது 2022 டிசம்பரில்தான். ஐரோப்பா வந்து விளக்கேற்றி வைத்த கதை இல்லை இது.

ஷாடேயின் கேலேவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ராம்ப் கணக்குப் பேசும்போது மறுபடி வரும்.

பாவும் ஊடையும் | நவம்பர் 9, மாலை 4.30

ஐம்பது கோட்டுக் கணக்கு. பொறுமையாகப் படியுங்கள், இந்த இழையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் பேர்பெற்ற கைத்தறிகள், நைஜீரியாவில் இசெயின் ஊரின் அசோ ஒகே, கானாவில் குமாசி பக்கம் பொன்வைரேயின் கென்டே எல்லாம், பட்டைத் தறியில் நெய்பவை. பட்டையின் அகலம் 10 முதல் 15 சென்டிமீட்டர். நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் போகும், பாவு நூலை, அதாவது நீளவாட்டு இழைகளை, முன்னால் ஒரு கல்லில் கட்டித் தரையோடு இழுத்து வருவார்கள். பட்டைகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தால்தான் துணி.

இப்போது ஒரு முழங்கால் நீளக் கோட்டு. 150 செ.மீ. அகல மில் துணியில் இரண்டரை மீட்டர் பிடிக்கும். அதாவது 3.75 சதுர மீட்டர். பட்டை 11 செ.மீ. அகலம் என்று வைப்போம். சேர்க்கும் தையலுக்கு இரு பக்கமும் அரை செ.மீ. போனால் 10 செ.மீ. மிஞ்சும். 3.75ஐ 0.10ஆல் வகுத்தால் 37.5 மீட்டர் பட்டை. கோடு பொருத்தவும் நுனி வெட்டவும் 12 சதவீதம் கூட்டினால் 42 மீட்டர்.

ஒரு நெசவாளர் ஒரு நாளைக்கு 4 மீட்டர் நெய்கிறார் என்று எடுத்துக்கொண்டால், ஒரு கோட்டுக்கு பத்தரை நாள். ஐம்பது கோட்டுக்கு 2,100 மீட்டர். பத்துத் தறி ஓடினால் நாளைக்கு 40 மீட்டர், மொத்தம் 53 வேலை நாள். ஞாயிறு, பண்டிகை, சாவு, கல்யாணம் எல்லாம் சேர்த்தால் இரண்டரை மாதம். மார்ச்சில் ஆர்டர் எடுத்து ஜூலை கடைசியில் கடைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், நெசவுக்கு முன்னால் நூல் வாங்கிச் சாயம் போடவும், நெசவுக்குப் பின்னால் வெட்டித் தைத்து அனுப்பவும் சேர்த்து மிஞ்சுவது ஏழெட்டு வாரம். முடியும், ஒரு வாரம்கூட நழுவவிடக் கூடாது.

நழுவும் இடம் எது? நூல். 2,100 மீட்டர் பட்டை என்பது 231 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 250 கிராம் என்றால் 58 கிலோ, கழிவோடு 61 கிலோ நூல். சாம்பிளுக்குச் சந்தையில் 3 கிலோ நூல் வாங்கி நெய்து ராம்பில் காட்டிவிடுகிறார்கள். ஆர்டர் வந்த பிறகு அதே கடைக்குப் போனால் அதே நீலம் இருக்காது. வேறு சாய லாட், அதாவது வேறொரு தடவை சாயம் போட்ட தொகுதி, வந்திருக்கும். பட்டைத் துணியில் இது உடனே கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் இரண்டு நெசவாளரின் பட்டைகள் ஒரே முதுகில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். பையர் கையில் சாம்பிளை வைத்துக்கொண்டு ஒப்பிடுவார். ஆகவே முறை இதுதான்: ஷோவில் எந்தத் துணியிலிருந்து ஆர்டர் எதிர்பார்க்கிறீர்களோ, அந்த நிறத்துக்கு 60 கிலோ நூலை ஒரே லாட்டில் சாயம் போட்டு எடுத்து வைத்துவிட்டு அதிலிருந்து சாம்பிள் நெய்யுங்கள். ஆர்டர் வராவிட்டால் நூல் அடுத்த பருவத்துக்கு ஆகும். ஆர்டர் வந்து நூல் இல்லாமல் போனால் பேர் போய்விடும்.

இரண்டாவது, வெட்டு. பட்டைத் துணியை மில் துணி போல மேசையில் அடுக்கடுக்காக விரித்து வெட்டினால், சேர்ப்புத் தையல் நேராகக் கைக்குழியிலோ, உடம்பு வளைவுக்காக மடித்துத் தைக்கும் டார்ட்டிலோ வந்து விழும். அங்கே நாலு அடுக்குத் தடிப்பு, ஊசி உடையும், தோள் தூக்கிக்கொண்டு நிற்கும். பேட்டர்னைப் பட்டையின் மடங்காக வரைய வேண்டும். முதுகு ஐந்து பட்டை, 50 செ.மீ. என்று வைத்தால் பக்கத் தையல் நெய்த ஓரத்திலேயே விழும், பிசிறும் வராது. சைஸ் ஏற்றும்போது ஒரு சைஸுக்கு 4 செ.மீ. கூட்டும் வழக்கமான கிரேடிங் இங்கே ஒத்துவராது. பக்கத்தில் சாதாத் துணியில் ஒரு பேனல் வைத்து அதில் கூட்டுங்கள், பட்டைகளைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, ஜரிகை மாதிரி மின்னும் இழை போட்ட அசோ ஒகே. அது பெரும்பாலும் பாலியஸ்டர் படலம். விறைப்புக்கு வைக்கும் உள்துணியைச் சூட்டில் ஒட்டும் ஃபியூசிங் பிரஸ்ஸில் 130 டிகிரியில் ஒட்டினால் மினுமினுப்பு மங்கிச் சுருங்கிவிடும். ஒட்டும் கேன்வாஸ் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியை உள்ளே வைத்துக் கையால் நூலோட்டிக்கொள்ளுங்கள்.

பாவும் ஊடையும் | நவம்பர் 9, மாலை 5.05

மேலே சொன்னதற்கு ஒரு வரம்பு. ஆப்பிரிக்கத் துணி என்றாலே பட்டை என்று கொள்ளக் கூடாது. நைஜீரியாவில் இக்போ பெண்கள் அக்வெதே ஊரில் நிமிர்ந்த தறியில் மீட்டருக்கும் மேலான அகலத்தில் நெய்கிறார்கள். புர்கினா ஃபாஸோவிலும் "ஃபாஸோ தான் ஃபனி" என்ற பெயர்கொண்ட கைத்தறித் துணி இப்போது அகலமான தறிகளில் வருகிறது. அந்நாட்டு அதிபர் தாமஸ் சங்காரா 1980களில் அரசு ஊழியர்களை அதை உடுத்த வைத்தார். மேடை எதுவும் தராத நிலையான தேவையை ஒரு அரசாணை தந்தது. நெசவாளருக்கு ஷோவைவிடச் சீருடை பெரிய வரம். இதைத் தனியாகப் பேசலாம்.

நூல்கண்டு | நவம்பர் 10, காலை 8.20

ஆங்காரா, வாக்ஸ் பிரின்ட் என்று பளிச்சென்ற அச்சுத் துணிகள் அகலமாகத்தானே வருகின்றன? அதில் செய்தால் உங்கள் 42 மீட்டர் தலைவலி இல்லையே?

பாவும் ஊடையும் | நவம்பர் 10, மதியம் 1.40

தலைவலி இல்லை. லாபமும் வெளியே போகும்.

வாக்ஸ் பிரின்டின் தாய்வீடு, மெழுகு தடவிச் சாயம் போடும் ஜாவாவின் பாட்டிக். நெதர்லாந்தின் ஹெல்மோண்டில் 1846இல் தொடங்கிய விளிஸ்கோ போன்றவர்கள் அதை எந்திரத்தில் செய்து மேற்கு ஆப்பிரிக்காவில் விற்றார்கள். டோகோ நாட்டு லோமேயின் நானா பென்ஸ் எனப்பட்ட வியாபாரிப் பெண்கள் ஒவ்வொரு டிசைனுக்கும் பெயர் சூட்டி அதைத் தங்கள் துணியாக்கினார்கள். கானாவில் தேமா, அகொசோம்போ மில்கள் உள்நாட்டிலேயே அச்சிட்டன. பிறகு மலிவான சீன அச்சுகள் வந்து சந்தையைப் பிடித்தன. கேமரூனைச் சேர்ந்த இமானே அய்ஸி 2020 ஜனவரியில் ஆளுக்கு அளவெடுத்துக் கையால் தைக்கும் உயர்ரக ஆடைகளுக்கான பாரிஸ் ஓத் கூத்தூர் அட்டவணையில் இடம்பிடித்தார். அவர் வாக்ஸைத் தொடுவதில்லை, ராஃபியா, மரப்பட்டைத் துணி, கென்டே என்று போகிறார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். அதே சமயம், நானா பென்ஸ் பெண்கள் ஒரு அந்நியத் துணியை எப்படித் தமதாக்கினார்கள் என்பதும் வரலாறுதான், அதைத் துடைத்துவிட முடியாது.

வாங்குபவர்களுக்கு: அசல் வாக்ஸில் பிசினை இரு பக்கமும் அச்சிட்டுச் சாயத்தில் முக்குவார்கள், அதனால் இரு முகமும் ஒரே அடர்த்தியில் இருக்கும். ஃபேன்சி எனப்படும் மலிவு அச்சில் பின்பக்கம் வெளுத்திருக்கும். பிசின் வெடித்து ஓடிய மெல்லிய கோடுகள் அசலில் ஒவ்வொரு இடத்திலும் வேறாக இருக்கும். போலியில் அந்த வெடிப்புக் கோடும் அச்சாகவே வருவதால் டிசைன் திரும்பும் இடத்தில் அதே கோடு அப்படியே திரும்பும். ஒரு மீட்டர் இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விற்பது 6 கஜம், 12 கஜம் என்று. அகலம் 46 அங்குலத்தை ஒட்டி இருக்கும். பெரிய வட்ட டிசைன் என்றால் 6 கஜத்தில் ஒரு முழு கவுன்தான் வரும், வட்டத்தை மார்பு நடுவில் நிறுத்துவதற்கே முக்கால் கஜம் வீணாகும். இதைக் கணக்கில் எடுக்காமல் விலை போட்டால் நஷ்டம்.

தென்னாப்பிரிக்காவின் ஷ்வேஷ்வே என்ற அச்சுப் பருத்தித் துணி வேறு சாதி. 90 செ.மீ. அகலம், அட்டை மாதிரி கஞ்சி விறைப்போடு வரும். கஞ்சியோடு தைத்துவிட்டு முதல் அலசலில் ஆடை தளர்ந்து, சுருங்கி, வேறு ஆடையாகிவிடும். முதலில் வெந்நீரில் அலசிக் காயவைத்து, அப்புறம் கத்தரி.

பாவும் ஊடையும் | நவம்பர் 11, இரவு 9.30

அதிரே பற்றித் தனிச்செய்தியில் இருவர் கேட்டதால் பொதுவில் எழுதுகிறேன்.

அது நைஜீரியாவில் அபெயோகுட்டா ஊரின் நீலச்சாயத் துணி. மரவள்ளிக் கஞ்சியால் கோலம் போட்டு அவுரியில் முக்குவது ஒரு வகை, ராஃபியா நாரால் கட்டி முக்குவது இன்னொன்று. ராம்பில் இதற்கு வரும் ஆபத்து, மாடலின் கழுத்திலும் அக்குளிலும் நீலம் ஒட்டுவது. வெள்ளைத் துணியில் உடுத்திய அடுத்த மாடல் உரசினால் அவர் ஆடையும் போச்சு.

உப்புப் போடு, வினிகர் போடு என்பார்கள். அவுரிக்கு அது உதவாது. அவுரி தண்ணீரில் கரையாத பொருள். சாயத்தொட்டியில் அதன் ஆக்சிஜனை எடுத்துக் கரைத்து வைத்திருக்கிறார்கள், நூலுக்குள் போய்க் காற்றுப்பட்டதும் மறுபடி கரையாததாகிறது. நூலின் மேலே வெறுமனே உட்கார்ந்த தூள்தான் உரசும்போது வருகிறது. ஆக வழி: ஒரே முக்கில் கரும்நீலம் எடுக்காமல் பல மெல்லிய முக்குகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே நன்றாகக் காற்றாட விடுவது. கடைசியில் சோப்பு நீரில் சூடாக அலசி, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுவது. சோதனை: உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துண்டை விரலில் சுற்றிப் பத்துமுறை அழுத்தித் தேயுங்கள். பிறகு ஈரத் துண்டில் பத்துமுறை. ஈரத்தில் லேசாக ஒட்டத்தான் செய்யும். உலர்ந்த துண்டில் ஒட்டினால் ராம்புக்கு அனுப்பாதீர்கள். உடம்போடு ஒட்டும் இடத்தில் லைனிங் கட்டாயம், வெளிர் நிற லைனிங் வேண்டாம்.

பொகோலானுக்கு வேறு நோய். இலைச்சாற்றின் துவர்ப்பும் சேற்றின் இரும்பும் சேர்ந்துதான் அந்தக் கறுப்பு. அதே இரும்பு வருஷக்கணக்கில் பருத்தியைத் தின்னும். கறுப்புப் பகுதி முதலில் கிழியும். இழுவிசை விழும் இடங்களில், முழங்கை, பின்பக்கம், கறுப்பு வராதபடி வெட்டுவது கட்டிங் மாஸ்டரின் கடமை.

பாவும் ஊடையும் | நவம்பர் 12, காலை 7.15

ராம்ப் கணக்கு. கூட்டு ஷோவில் ஒரு வடிவமைப்பாளருக்குக் கிடைப்பது பத்து நிமிடத்துக்குள். 20 உடுப்பு, 12 மாடல் என்று வைப்போம். ராம்ப் 30 மீட்டர், போய்த்திரும்ப 60. விநாடிக்கு 1.3 மீட்டர் நடையில் 46 விநாடி, முனையில் நின்று திரும்ப 4 விநாடி. மொத்தம் 50. பதினைந்து விநாடிக்கு ஒருவர் வெளியே போகிறார். பதின்மூன்றாவது உடுப்பு 180ஆவது விநாடியில் கிளம்ப வேண்டும், அதை உடுத்த வேண்டிய முதல் மாடல் 50இல் உள்ளே வருகிறார். மாற்றிக்கொள்ள 130 விநாடி. மாடலைப் பத்தாகக் குறைத்தால் 100 விநாடி.

கேலேவைக் கையால் மடித்துக் கட்ட மூன்று நிமிடமாவது ஆகும். 130 விநாடியில் நடக்காது. இங்கேதான் ஷாடே தாமஸ்-ஃபாம் 1960களில் செய்த கட்டித் தயாரித்த தலைப்பாகை உயிர்காக்கிறது. இரண்டாம் சுற்று உடுப்பு எல்லாவற்றுக்கும் அதுதான். பின்னால் நீள ஜிப் வைத்ததை இரண்டாம் சுற்றில் போடுங்கள், இருபது பொத்தான் வைத்ததை முதல் சுற்றில்.

மின்சாரம்: லேகோஸில் ஜெனரேட்டர் என்பது அவசரத்துக்கு வைக்கும் மாற்று ஏற்பாடு அல்ல, அதுதான் முதல் மின்சாரம். இரண்டு வைத்தாலும் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும் சில விநாடி இருட்டு உண்டு. விளக்குகள் திரும்பி வந்துவிடும், ஆனால் இசை, ஒளி இயக்கும் கணினிகள் அணைந்து மறுபடி எழ நிமிடங்கள் ஆகும். அவற்றை மட்டுமாவது யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

வைகைக்கரையான் | நவம்பர் 12, மாலை 6.00

சரி, தறிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். பணக் கணக்கு?

பாவும் ஊடையும் | நவம்பர் 12, இரவு 11.50

உதாரண எண்களில் போடுகிறேன். கோட்டுக்குப் பட்டை 42 மீட்டர், மீட்டர் 2 டாலர், ஆக 84. லைனிங், பொத்தான் 15. வெட்டு, தையல் 30. பேக்கிங் 6. அடக்கம் 135. கடைக்குக் கொடுக்கும் விலை அடக்கத்தைப்போல் இரண்டேகால் மடங்கு, சுமார் 300. கடை விற்பது அதற்கு இரண்டரை மடங்கு, 750.

ஐம்பது கோட்டுக்கு அடக்கம் 6,750. ஆர்டர் மதிப்பு 15,000. முன்பணம் 30 சதவீதம் கிடைத்தால் 4,500. இடைவெளி 2,250 டாலர், மீதிப் பணம் சரக்குச் சேர்ந்து முப்பது நாள் கழித்து. ஐந்து மாதத்துக்கு இந்த 2,250ஐ யார் தருவது? நைஜீரிய மத்திய வங்கியின் கொள்கை வட்டி 2025 நவம்பரில் 27 சதவீதமாக இருந்தது. வணிக வங்கி அதற்கு மேல்தான் கேட்கும், அதுவும் அடமானத்தோடு. பல கடைகள் முன்பணமே தராமல், விற்றால் காசு, விற்காவிட்டால் சரக்கு திரும்ப என்கின்றன. அப்போது முழு 6,750உம் வடிவமைப்பாளர் தலையில். கைதட்டல் வாங்கிய அடுத்த பருவத்திலேயே காணாமல் போகும் பிராண்டுகள் பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன. ஆர்டர் வராமல் சாவதைவிட ஆர்டர் வந்து சாவது அதிகம். ஸ்பான்சர்கள் மேடைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஆர்டர் பத்திரத்தின்மேல் குறைந்த வட்டிக் கடனாகக் கொடுத்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு ஷோவுக்கு ஆதரவு சொல்வேன்.

பாவும் ஊடையும் | நவம்பர் 14, காலை 9.05

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று. நைஜீரியாவில் நைஜர் டெல்டாவின் கலபாரி மக்கள் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் பெட்டியில் வைத்துக் காக்கும் கட்டம்போட்ட துணி, மெட்ராஸ் கைக்குட்டை என்று நூற்றாண்டுகளாகக் கப்பலேறிய நம் கைத்தறிதான். அவர்கள் அதை இன்ஜிரி என்கிறார்கள். இன்னொரு வகைக்கு ஜார்ஜ் என்று பெயர், புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து போனதால். புதுச்சேரியின் நீலச்சாயத் துணி செனகல் ஆற்றங்கரையில் கோந்து வியாபாரத்துக்குப் பணமாகவே புழங்கியது.

கலபாரிப் பெண்கள் வந்த துணியை அப்படியே உடுத்தவில்லை. பிளேடால் வெளிர்நிற இழைகளைத் தேர்ந்து நறுக்கி உருவி, கட்டத்துக்குள் புதிய டிசைன் பிறக்கச் செய்தார்கள். துணி கிழியாமல் எந்த இழை போகலாம், எது நிற்க வேண்டும் என்பது பாவு இழையையும் குறுக்கே ஓடும் ஊடை இழையையும் கண்ணால் எண்ணத் தெரிந்தவர் வேலை. நெய்தவர் இங்கே, முடித்தவர் அங்கே. இப்படி ஒரு கூட்டுப் படைப்பை இங்கிருக்கும் நெசவுக் குடும்பங்கள் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பாவும் ஊடையும் | நவம்பர் 15, இரவு 8.40

வெளிநாடுகளிலிருந்து வரும் பழைய துணி பற்றி நூல்கண்டு எழுதியது அவசரத் தீர்ப்பு. "இறக்குமதியைத் தடுத்தால் உள்ளூர்த் தொழில் எழும்" என்பது அவ்வளவு நேர்வழி இல்லை. ருவாண்டா 2016இல் பழைய துணிக்கான வரியைக் கிலோவுக்கு 20 சென்ட்டிலிருந்து இரண்டரை டாலராக்கியது. 2018இல் அமெரிக்கா தன் வரிச்சலுகையில் ருவாண்டாவின் ஆடைகளை நிறுத்திவைத்தது. ஒரு பக்கம் கதவு சாத்தினால் மறுபக்கம் சாத்துகிறார்கள்.

கானாவில் அக்ராவின் கன்டமன்டோ சந்தைக்கு வாரம் 1.5 கோடி உருப்படி பழைய ஆடை வருகிறது என்பது தி ஆர் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் சொல்லும் கணக்கு. 55 கிலோ மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே வாங்க வேண்டும். உள்ளே கிழிசல் அதிகமென்றால் அந்த வாரம் கடன். அதே சந்தையில் பிரித்துத் தைப்பவர்கள், சாயம் மாற்றுபவர்கள், இஸ்திரி போடுபவர்கள் என்று ஆயிரக்கணக்கான கைகள் இருக்கின்றன. 2025 தொடக்கத்தில் தீப்பிடித்து எரிந்தபோது போனது குப்பைமேடில்லை, ஒரு பெரிய பட்டறை. லேகோஸ் வாரம் பரிசு பெற்றதும் இந்தப் பக்கத்து வேலைக்குத்தான்: மேடையேற வேண்டுமானால் கழிவு, துணி மூலம், உற்பத்தி முறை பற்றிப் பதில் சொல்ல வேண்டும் என்று வடிவமைப்பாளர்களிடம் கேட்கிறார்கள். மேடையைப் பரிசாக வைத்துத் தொழிலைத் திருத்துவது. வைகைக்கரையானின் கட்சிக்கு என் முழு மறுப்பு இதுதான்.

பாவும் ஊடையும் | நவம்பர் 17, காலை 6.30

42 மீட்டர் கணக்கைப் பார்த்துவிட்டு "அப்படியானால் பட்டைத் துணியில் தொழிலே நடத்த முடியாதா" என்று கேட்கிறார்கள். முடியும். உடம்பு முழுவதும் பட்டை போடாதீர்கள். முன்பக்க இரு பேனல், காலர், கைமுனை மட்டும் அசோ ஒகே, மீதி உள்ளூர்ப் பருத்தி. கோட்டுக்கு 12 மீட்டர் போதும். ஐம்பதுக்கு 600 மீட்டர், அதே பத்துத் தறியில் 15 நாள். நூல் 17 கிலோ. பட்டைச் செலவு 84 டாலரிலிருந்து 24க்கு இறங்கும், சாதாத் துணிக்கு 12 சேர்த்தாலும் அடக்கம் 87. முன்பணம் இதே விகிதத்தில் வந்தால் கைப்பணம் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு டாலருக்குள் அடங்கும், மறு ஆர்டர் வந்தால் ஆறு வாரத்தில் அனுப்பலாம்.

ஒரே எச்சரிக்கை. இரண்டு துணியும் ஒரே அளவு சுருங்காது. இரண்டிலும் 50 செ.மீ. சதுரம் குறித்து, கோட்டை எப்படிச் சுத்தம் செய்யச் சொல்லப் போகிறீர்களோ அதே முறையில் மூன்று தடவை செய்து அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒரு செ.மீ.யைத் தாண்டினால் வெட்டுவதற்கு முன் இரண்டுக்கும் நீராவி கொடுத்து ஒரு நாள் விரித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பேனல் சேரும் தையல் முழுவதும் அலையலையாக நிற்கும், அதை இஸ்திரி எடுக்காது.